தாதுவும் ஊற்றும்: சேலம், நாமக்கல் மலைகளில் பொறுப்பான கனிமத் தேட்டம்

சேலம் நகரின் அஸ்தம்பட்டியை நடுவாகக் கொண்டு பார்த்தால், தமிழகத்தின் முதன்மையான கனிம நிலங்களில் பல, ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் அமைந்திருப்பது தெரியவரும். ஏற்காட்டுச் சாலை ஏறிச் செல்லும் சேர்வராயன் மலையின் உச்சிப் பரப்பில், அலுமினியத்தின் மூலத்தாதுவான பாக்சைட் படிந்துள்ளது. மலைக்கும் நகருக்கும் இடையே, செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டிப் பக்கத்துக் கரடுகளில், ஊர்மக்கள் வெள்ளைக்கல் என்று அழைக்கும் மாக்னசைட் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வெட்டப்பட்டு வருகிறது. மேற்கே கஞ்சமலை இரும்புத்தாதுவால் ஆனது. தென்கிழக்கே கொல்லிமலையின் முடிகளிலும் பாக்சைட் உண்டு. தெற்கே பரமத்தி வேலூர் வட்டத்துச் சித்தம்பூண்டியில் குரோமைட்டும், அதனோடு பிளாட்டினத் தொகுதி உலோகங்களும் கண்டறியப்பட்டுள்ளன. இம்மலைகளே திருமணிமுத்தாறு, சரபங்கா, ஐயாறு ஆகிய சிற்றாறுகளுக்குப் பிறப்பிடமாகவும், மலையாளிப் பழங்குடி மக்களின் வாழிடமாகவும், சோலைக்காடுகளின் எஞ்சிய திட்டுகளாகவும் இருக்கின்றன என்பதே இவ்வுரை எடுத்துக்கொண்ட பொருளின் அடிப்படைச் சிக்கலாகும்.

கனிமத் தேட்டம் என்பதும் சுரங்கம் என்பதும் பொதுப்பேச்சில் ஒன்றாகவே கருதப்படுகின்றன. தேட்டம் என்பது, நிலத்தடியில் என்ன கனிமம், எவ்வளவு ஆழத்தில், எந்தத் தரத்தில், எவ்வளவு உள்ளது என்று அறியும் முயற்சி. சுரங்கமோ அதை வெட்டியெடுக்கும் தொழில். இந்திய நடைமுறையில் தேட்டம் நான்கு நிலைகளாகப் பகுக்கப்படுகிறது. ஜி4 எனப்படும் முதல் நிலையில் செயற்கைக்கோள் படங்கள், நில வரைபடமாக்கம், ஓடைப் படிவு மாதிரிகள் ஆகியவற்றைக் கொண்டு பரந்த நிலப்பரப்பு அலசப்படுகிறது. ஜி3 நிலையில் நம்பிக்கை தரும் இடங்களில் குழிகளும் சில துளைகளும் இடப்படுகின்றன. ஜி2, ஜி1 நிலைகளில் துளைகளின் இடைவெளி நெருங்கி, தாதுவின் அளவு கணக்கிடப்படுகிறது. முதல் நிலையில் நிலத்துக்கு நேரும் சேதம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. கடைசி நிலையில் மலைச்சரிவில் பாதை வெட்டி, துளைப்பொறிக்குத் தளம் சமப்படுத்தி, வண்டி வண்டியாகத் தண்ணீர் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே தேட்டம் முழுவதையும் தீங்கற்றது என்று சொல்வதும், முழுவதையும் சுரங்கத்தின் முன்னோட்டம் என்று ஒதுக்குவதும் உண்மைக்குப் பொருந்தா.

இந்நிலத்தின் பாறைகளைப் பற்றிய அறிவு ஏறத்தாழ முழுவதும் தேட்டத்தின் கொடையே. 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் 1864இல் திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களின் பகுதிகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டனர், 1896இல் மிடில்மிஸ் வெள்ளைக்கல் கரடுகளை ஆராய்ந்து எழுதினார், 1956இல் ஏ. பி. சுப்பிரமணியம் சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதியின் கனிமங்களை விரிவாக விளக்கினார். சித்தம்பூண்டியின் அனார்த்தொசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது என்று அறியப்பட்டிருந்ததாலேயே, சந்திரயான் 2 திட்டத்தின் தரையிறங்கு சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண், சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்ப்பாறையிலிருந்து டன் கணக்கில் அரைத்து உருவாக்கப்பட்டது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்களுக்கும் அதில் பங்குண்டு. ஒரு பாறையை அறிவதன் பயன் அதை வெட்டி விற்பதோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று இவ்வட்டாரத்தில் கிடைப்பது அரிது.

தாது இருப்பதாலேயே வெட்டியாக வேண்டும் என்ற எண்ணத்துக்குக் கஞ்சமலையின் வரலாறு தொடர்ந்து மறுமொழி சொல்லிவந்துள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேலத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்காலையை நிறுவி, சேலத்துத் தாதுவை அங்கே பயன்படுத்தினார். உலைக்கு எரிபொருள் மரக்கரி. எனவே தாதுவைவிட வேகமாகக் காடு தீர்ந்தது. கரி கிடைப்பது அருகி, பணமுடையும் சேர்ந்துகொள்ள, அம்முயற்சி அதே நூற்றாண்டிலேயே கைவிடப்பட்டது. 1970 செப்டம்பரில் பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய சேலம் உருக்காலை, கஞ்சமலைத் தாதுவை நம்பியே முதலில் எண்ணப்பட்டது. ஆனால் 1981இல் அது இயங்கத் தொடங்கியபோது, வெளியிலிருந்து வரும் எஃகைத் தகடாக உருட்டும் துருப்பிடியா எஃகு ஆலையாகவே அமைந்தது. காரணம் பாறையிலேயே இருக்கிறது. கஞ்சமலைத் தாது, மாக்னடைட் எனும் காந்த இரும்புக் கனிமமும் குவார்ட்ஸ் எனும் வெண்கல்லும் பட்டை பட்டையாக அமைந்த பாறை. அதில் இரும்பு நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு மட்டுமே. தூய மாக்னடைட்டில் இரும்பு 72 பங்கு என்பதால், வெட்டும் ஒவ்வொரு 2 டன்னிலும் ஏறத்தாழ 1 டன் மாவாக அரைக்கப்பட்ட கழிவு மணலாக எங்கேனும் கொட்டப்பட்டாக வேண்டும். 2000களின் நடுவில் கஞ்சமலையையும் திருவண்ணாமலை மாவட்டத்துக் கவுத்திமலை, வேடியப்பன் மலைகளையும் வெட்டும் திட்டம் மீண்டும் எழுந்தபோது, இரு மாவட்ட மக்களும் எதிர்த்தனர், அத்திட்டம் நிறைவேறவில்லை. கஞ்சமலையின் சித்தர் கோயிலும் மூலிகைகளும் மட்டுமல்ல, அடிவாரத்துக் கிணறுகளின் நீரும் அந்த எதிர்ப்பில் பேசப்பட்டது.

நீர் என்ற சொல்லே இப்பொருளின் மையம் என்பதால், பாக்சைட் மலைகளைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் சார்னோகைட் எனும் கடும்பாறையால் ஆனவை. பல இலட்சம் ஆண்டு மழையிலும் வெயிலிலும் அப்பாறை சிதையும்போது, அதிலுள்ள சிலிகா கரைந்து வெளியேற, அலுமினியச் சேர்மங்கள் மட்டும் மலைமுடியில் தங்கிப் பாக்சைட் ஆகின்றன. கரைந்து வெளியேறிய பகுதிகளில் நுண்துளைகள் எஞ்சுவதால், பாக்சைட் படுகை மழைநீரைத் தடையின்றி உள்ளே வாங்குகிறது. அதன் அடியில் முற்றாகச் சிதையாத களிமண் அடுக்கு இருக்கிறது. நீர் அதற்குக் கீழே எளிதில் இறங்காமல் பக்கவாட்டில் நகர்ந்து, இரண்டு அடுக்கும் சந்திக்கும் சரிவுகளில் ஊற்றாக வெளிப்படுகிறது. ஆகவே மலைமுடியின் பாக்சைட்டை அளக்கும் புவியியலாளர், அறிந்தோ அறியாமலோ, மலையின் நீர்த்தேக்கத்தையே அளக்கிறார். இந்த அடுக்கை வெட்டியெடுத்த பிறகு மேல்மண்ணைப் பரப்பி மரம் நடலாம். ஊற்றை உண்டாக்கிய அமைப்பைத் திரும்ப உண்டாக்க எந்தத் தொழில்நுட்பமும் இல்லை.

1965இல் உற்பத்தியைத் தொடங்கிய மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு இவ்விரு மலைகளின் பாக்சைட்டே சென்றது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் அந்த உருக்காலை நிறுத்தப்பட்டது. உரிமங்களும் அனுமதிகளும் புதுப்பிக்கப்படாத நிலையில் மலைமேல் சுரங்கங்களும் நின்றன. பல பத்தாண்டுகள் தாது எடுக்கப்பட்ட இம்மலைகளில், எத்தனை டன் தாது போயிற்று என்பதற்குக் கணக்கு வைத்தாக வேண்டியிருந்தது. எத்தனை ஊற்று இருந்தது, ஒவ்வொன்றும் கோடையில் எவ்வளவு நீர் தந்தது என்று கணக்கு வைக்க எவருக்கும் கட்டாயம் இருக்கவில்லை. தொடக்கத்தில் அளக்காத ஒன்றின் இழப்பைப் பின்னால் மெய்ப்பிக்க இயலாது. நீதிமன்றத்தில் மலைமக்களின் நினைவு ஒரு பக்கமும் நிறுவனத்தின் அட்டவணை மறுபக்கமும் நிற்கும்போது, அட்டவணைக்கே எடை அதிகம். சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் கொல்லிமலைச் சரிவுகளில் வேளாண்மைக்கும் குடிக்கவும் ஊற்றுநீர் எவ்வளவு முதன்மையானது என்பதை எண்ணும்போது, இது எழுத்துப் பிழை போன்ற சிறு விடுபடல் அன்று, மன்னிக்க முடியாத புறக்கணிப்பு.

இவ்விடத்தில் ஒடிசாவின் நியமகிரியை நினைப்பது பொருத்தம். அங்கும் மலைமுடியில் பாக்சைட். அங்கும் அதை நாடியது மால்கோவைத் தன்னுள் கொண்டிருந்த வேதாந்தா குழுமம். 2013 ஏப்ரல் 18 அன்று உச்சநீதிமன்றம், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில், முடிவைக் கிராமசபைகளிடம் விட்டது. கூட்டப்பட்ட 12 கிராமசபைகளும் சுரங்கத்தை மறுத்தன. கொல்லிமலைக்கும் அதே வன உரிமைச் சட்டம் பொருந்தும். ஆயினும், பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிக்காப்பு அளிக்கும் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் தமிழகத்தின் எந்தப் பகுதியும் சேர்க்கப்படவில்லை என்பதால், அப்பகுதிகளின் கிராமசபைகளுக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் தரும் கூடுதல் அதிகாரம் இங்குள்ள மலையாளி மக்களுக்குக் கிடைக்கவில்லை.

இனிச் சித்தம்பூண்டி. பாக்சைட்டைப் போலன்றி, இங்கே வெட்டு தொடங்கவில்லை. தேட்டம் மட்டுமே நடந்துள்ளது. ஆகவே சரியாகச் செய்வதற்கு இன்னும் காலம் இருக்கும் இடம் இது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இப்பாறைத் தொகுதியில் குரோமைட் மெல்லிய அடுக்குகளாக அமைந்திருக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம் போன்ற உலோகங்கள் அவ்வடுக்குகளில் மிகச் சிறு அளவில் கலந்துள்ளன. உலகின் பிளாட்டினத்தில் பெரும்பங்கைத் தரும் தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டில்கூட ஒரு டன் பாறைக்குச் சில கிராம் உலோகமே கிடைக்கிறது. வாகனப் புகையைத் தூய்மையாக்கும் கருவிகளுக்கும் ஹைட்ரஜன் மின்கலங்களுக்கும் இவ்வுலோகங்கள் வேண்டும் என்பதால், ஒன்றிய அரசு 2023இல் வெளியிட்ட 30 இன்றியமையாக் கனிமங்களின் பட்டியலில் இவை இடம்பெற்றுள்ளன. சூழலுக்கு நன்மை செய்யும் பொருளுக்கே இந்த உலோகம் தேவைப்படுவதால், தேடவே கூடாது என்று சொல்வது எளிதன்று. எப்படித் தேடுவது என்ற வினாவின் கனம் அதனாலேயே கூடுகிறது.

துளையிடல் என்றதும் நாமக்கல் மாவட்டத்தார்க்கு நினைவுக்கு வருவது திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளே. இந்தியாவெங்கும் ஆழ்துளைக் கிணறு போடச் செல்லும் அவ்வண்டிகள், அழுத்தக் காற்றால் இயங்கும் சம்மட்டியைக் கொண்டு பாறையைத் தூளாக்கி மேலே ஊதித் தள்ளுகின்றன. தேட்டத் துளை வேறு வகை. வைரத் துகள் பதித்த வளையமுனை சுழன்று பாறையை வட்டமாக அறுக்க, நடுவிலுள்ள பாறை நீண்ட கோலாகக் குழாய்க்குள் ஏறுகிறது. கோர் எனப்படும் அக்கோலை மேலெடுத்து, ஆழம் குறித்துப் பெட்டியில் வரிசையாக அடுக்கி ஆராய்கின்றனர். அறுக்கும் முனை சூடேறாமலிருக்க இடைவிடாமல் தண்ணீர் செலுத்தப்பட வேண்டும். துளைச்சுவர் சரியாமலிருக்கப் பெண்டோனைட் களிமண் கலக்கப்படுவதும் உண்டு. அந்த நீரில் ஒரு பகுதி பாறைவெடிப்புகளில் மறைகிறது, மறுபகுதி பாறைத்தூளோடு சேறாகத் திரும்பி வருகிறது.

கடும்பாறை நிலமான இவ்வட்டாரத்தில் திறந்த கிணறுகளின் நீர், மேலடுக்கிலுள்ள சிதைந்த பாறையில் தங்குகிறது. ஆழ்துளைக் கிணறுகளின் நீரோ அதற்குக் கீழுள்ள வெடிப்புகளில் ஓடுகிறது. ஒரு தேட்டத் துளை இவ்விரண்டையும் இணைத்துவிட்டு அடைக்கப்படாமல் கைவிடப்பட்டால், மேல்கிணற்றின் நீர் கீழ்வெடிப்புக்கு வடியக்கூடும். எனவே வேலை முடிந்த ஒவ்வொரு துளையும் அடியிலிருந்து மேல்வரை சிமெண்டுக் குழம்பால் அடைக்கப்பட்டு, அடைத்ததற்குச் சான்று ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். குரோமைட் நிலத்தில் இன்னொரு கவனமும் தேவை. பாறையில் குரோமியம் பெரும்பாலும் தீங்கற்ற மூன்றிணைதிற வடிவில் இருக்கிறது. தூளாகிக் காற்றும் நீரும் மாங்கனீசு ஆக்சைடுகளும் படும்போது அதில் ஒரு பகுதி நச்சுத்தன்மையுள்ள ஆறிணைதிற வடிவமாக மாறி நீரில் கரைகிறது. ஒடிசாவின் சுகிந்தாப் பள்ளத்தாக்கு, 2007இல் ஓர் அமெரிக்க அமைப்பு வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் சேர்ந்ததற்கு இதுவே காரணம். சில துளைகளால் சித்தம்பூண்டி சுகிந்தா ஆகிவிடாது என்பது உண்மையே. ஆனாலும் துளைச்சேறு தேங்கும் குழிக்குத் தார்ப்பாய் விரிப்பதும், சேற்றை அகற்றி முறையாகச் சேர்ப்பதும் அதிகச் செலவு பிடிப்பவை அல்ல.

இத்தகைய கவனத்துக்கு முன்மாதிரி உண்டு: பின்லாந்தின் சோடன்கிலா பகுதியில், ஐரோப்பாவின் நாச்சுரா 2000 காப்பு வலையமைப்பைச் சேர்ந்த ஒரு சதுப்புநிலத்தின் அடியில், சகாட்டி எனும் செம்பு, நிக்கல், பிளாட்டினத் தாதுப் படிவு 2009இல் கண்டறியப்பட்டது. அங்கே சதுப்பு உறைந்திருக்கும் குளிர்காலத்தில் மட்டும் பொறிகளைக் கொண்டுசென்று, துளைநீரைத் திரும்பத் திரும்பச் சுழற்றிப் பயன்படுத்தும் முறை கையாளப்பட்டது. சேலத்தில் உறைபனி இல்லை. இரு பருவமழையும் ஓய்ந்து அறுவடையும் முடிந்த தை, மாசி, பங்குனி மாதங்களே வயலுக்கும் சரிவுக்கும் குறைந்த சேதம் தரும் காலம். ஆனால் அப்போதுதான் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கத் தொடங்குகிறது. ஆகவே நீரைச் சுழற்றிப் பயன்படுத்தும் முறை இங்கே விருப்பத்துக்கு விடப்படாமல் கட்டாயமாக்கப்பட வேண்டும். மலைப்பகுதியில் வண்டிப்பாதை வெட்டாமல், பிரித்து ஆட்களே சுமந்துசென்று பூட்டக்கூடிய சிறு துளைப்பொறிகளைப் பயன்படுத்துவதும் அவ்வாறே. மழைநீர் அரித்துச் செல்வதும் உண்ணிச்செடி போன்ற அயற்செடிகள் உள்ளே நுழைவதும் பெரும்பாலும் அப்பாதைகளின் வழியாகவே.

இவையெல்லாம் தொழில்நுட்பத் திருத்தங்கள். மனமிருந்தால் ஒரு பருவத்திலேயே செய்துவிடலாம். கடினமானது வேறொன்று: தேடுபவர் எதற்காகத் தேடுகிறார் என்பது. 1957ஆம் ஆண்டு சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தில் 2023இல் செய்யப்பட்ட திருத்தம், பிளாட்டினத் தொகுதி உள்ளிட்ட 29 கனிமங்களுக்கு ஆய்வு உரிமம் என்ற புதிய உரிமத்தை உருவாக்கியது. தனியார் நிறுவனம் 1,000 சதுர கிலோமீட்டர் வரை தேடலாம். அங்கே பின்னால் சுரங்க ஏலம் நடந்தால், ஏலத் தொகையில் ஒரு பங்கு அந்நிறுவனத்துக்குச் சேரும். அதாவது, சுரங்கம் வந்தால் மட்டுமே தேடியவர்க்கு வருவாய். இம்மலையில் தாது உண்டு, ஆயினும் இதை வெட்டக்கூடாது என்று எழுதும் ஆய்வாளர்க்கு இச்சட்டம் எதையும் தருவதில்லை. தேட்டம் அறிவுத் தேடலாக இருக்க வேண்டுமானால், இல்லை என்பதும் வேண்டாம் என்பதும் அதன் முறையான முடிவுகளாக ஏற்கப்பட வேண்டும். முடிவு எதுவாயினும் ஆய்வுக்கு ஒரே ஊதியம் கிடைக்க வேண்டும்.

தேட்டமும் வெட்டும் ஒரே கையில் முன்கூட்டியே சேர்ந்தால் என்ன நேரும் என்பதை மதுரை மாவட்டம் காட்டியது. மேலூர் வட்டத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, 2,015.51 ஹெக்டேர், தேட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் சேர்த்து வழங்கும் கூட்டு உரிமமாக 2024 நவம்பரில் ஏலம் விடப்பட்டு, இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டது. தமிழக அரசு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193.215 ஹெக்டேர் நிலமும் அத்தொகுதிக்குள் இருந்தது. குடைவரையும் சமணப் படுகையும் குளங்களும் உள்ள நிலம் ஏல வரைபடத்தில் வெறும் கோட்டுக்குள் அடங்கியது. ஊர்கள் திரண்டன, 2024 டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை இரத்துச் செய்தது. முதல் நிலைத் தேட்ட அறிக்கையிலேயே நிலத்தின் மேலுள்ளவற்றுக்கும் ஓர் இயல் இருந்திருந்தால், இத்தனை மக்கள் பல வாரம் தெருவில் நின்றிருக்கத் தேவையில்லை.

அண்மைச் சட்டமாற்றங்கள் எதிர்த்திசையில் செல்கின்றன என்பது கவலைக்குரியது. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023இல் வந்த திருத்தம், ஒன்றிய அரசு வகுக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, காட்டில் நடக்கும் கனிமத் தேட்டத்தைக் காடுசாராப் பயன்பாடாகக் கருதாமல் விட வழி செய்தது. 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட குறிப்பாணை, இன்றியமையாக் கனிமங்களின் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. பிளாட்டினத் தொகுதி அப்பட்டியலில் இருப்பதால், நாளை சித்தம்பூண்டியில் சுரங்கம் முன்மொழியப்பட்டால், அவ்வூரார் தம் சொல்லைப் பதிவுசெய்யும் அவையே கூட்டப்படாமல் போகலாம். சுரங்க நிலையில் அவை மூடப்படுமானால், தேட்ட நிலையிலேயே அது திறக்கப்பட்டாக வேண்டும்.

அதற்கான வழி தொலைவில் இல்லை. 2015இல் தேசியக் கனிம ஆய்வு அறக்கட்டளை என்ற பெயரில் உருவாக்கப்பட்ட நிதியத்துக்கு, சுரங்க உரிமத்தொகையில் ஒரு பங்கு நாடெங்கிலுமிருந்து சேர்கிறது. சேலத்து வெள்ளைக்கல் வெட்டும் நிறுவனங்களும் அதற்குப் பங்களிப்பவையே. அந்நிதி இப்போது துளைகளுக்கும் பறக்கும் கருவிகளின் அளவைகளுக்கும் செலவிடப்படுகிறது. அதிலிருந்தே சித்தம்பூண்டி, குன்னமலை, கருங்கல்பட்டி ஊர்களின் ஒவ்வொரு கிணற்றுக்கும், கொல்லிமலை, சேர்வராயன் மலைகளின் ஒவ்வொரு ஊற்றுக்கும் ஓராண்டு முழுவதும் நீர்மட்டமும் குரோமிய அளவும் பதிவுசெய்ய ஒதுக்கீடு செய்யலாம். பெரியார் பல்கலைக்கழகத்திலும் சேலம் அரசு கலைக் கல்லூரியிலும் புவியியல் பயிலும் மாணவர்கள் ஊர் இளைஞர்களோடு சேர்ந்து அப்பதிவைச் செய்யலாம்; அதன் தமிழ்ப்படி, தேட்ட அறிக்கையின் முதல் இயலாக இடம்பெற்று, துளைப்பொறி ஊருக்குள் வருவதற்கு முன்பே கிராமசபையில் படித்துக்காட்டப்பட வேண்டும்.